பெரிய படத்தில் இருப்பவன் உயிரோடு இருக்கிறான்

1

நான் செத்துப்போன செய்தி எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். இங்கே மெல்பர்னில் மத்தியானம் என்றால் நம்ம தாம்பரத்தில் காலை டிபன் நேரம்.

போனில் ஜோசப். சேலையூர் கேம்ப் ரோட்டில் தையல் கடை வைத்திருப்பவன். அரை டிராயர் போட்ட நாளிலிருந்து எனக்குச் சிநேகிதன். எடுத்ததும் அவன் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

“யாரு பேசுறது?” என்றான் கடைசியில்.

“இன்னாடா யாரு? எனக்கு போன் போட்டுட்டு என்னையே யாருங்கிற?”

“எத்தி! நீதானா? உயிரோட கீறியா?”

“இல்ல, செத்துட்டேன். ரசம் சோறு துன்னுட்டு கை கழுவிக்கினு கீறேன். விஷயத்த சொல்லுடா.”

“சிரிக்காத. வாட்ஸப்புல வந்துச்சிடா. உங்க ஊரு காலேஜு ஒண்ணு நெட்டுல போட்டுகீது. உன் போட்டோ, உன் பேரு, கீழ செத்துட்டாருன்னு இங்கிலீஷுல. எம்பொண்ணு படிச்சிக் காட்டுனா. சர்ச்சுக்குக் கெளம்பனவன், பேஜாரா பூட்ச்சி. மாலைக்குச் சொல்லலாமான்னு நின்னுக்கினு கீறேன்.”

“அதுக்கு முன்னாடி ஒரு போன் போடணும்னு தோணிச்சே, தேங்க்ஸ்.”

“செத்தவன் போன எடுக்க மாட்டான்னு தெரியும். ஆனா நீ எடுப்ப. எடுத்து, எங்க ஊரு சுடுகாடு மாதிரி லோகத்துல எங்கியும் இல்லன்னு பீத்திக்குவ.”

வைத்துவிட்டுப் படத்தை அனுப்பினான். பார்த்தேன். நான்தான். கோட்டு, கூலிங் கிளாஸ், பின்னால் என் கம்பெனி வேன். ‘ஆஸ்திரேலியா எத்திராஜ்’ என்ற பெயர். அதன் கீழே, காலமானார், இடம் சேலையூர்.

சாயங்காலத்துக்குள் படப்பையிலிருந்து ஒரு பழைய கூட்டாளி, ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டில் குடியிருப்பவர் என்று வரிசையாகப் போன் வந்தது. குடியிருப்பவர் ரொம்ப வருத்தமாகப் பேசினார். வருத்தம் எனக்காகவா, அடுத்த மாசத்திலிருந்து வாடகையை யாரிடம் கொடுப்பது என்பதற்காகவா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

போன் செய்ய வேண்டிய ஒருத்தி மட்டும் செய்யவில்லை. என் தங்கச்சி ஜீவா.

2

இதைப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலும் சேலையூரில் பழைய ஆட்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கிருந்து துபாய், துபாயிலிருந்து இங்கே. வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ், நோ, கேஸ் லீக். இன்றைக்கு மெல்பர்னுக்குத் தெற்கே எந்தக் கறிக்கடையில் குளிர் அறை ஒழுங்காக ஓடினாலும் அதில் என் கை பட்டிருக்கும். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. நானாக ஏறினேன். என் பெயரை வேனில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன் என்று என் மகன் கிண்டல் செய்வான். அவன் பெயர் எழுதின வேன் ஒன்று வாங்கட்டும், அப்புறம் பேசுவோம்.

இப்படி ஏறி வந்தவன் சந்தேகப்படாமல் இருக்க முடியாது. யாராவது சிரித்துக்கொண்டே கிட்டே வந்தால் என்னிடம் கையெழுத்து வாங்க அவர் கையில் பேனா இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஜீவாவின் வீட்டுக்காரர் முனிரத்னம். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு பார்த்தவர். சைக்கிள் போய் பைக் வந்த பிறகும் அதே ஸ்டாண்டு, அதே ஸ்டூல். அதிகம் பேசமாட்டார். எனக்கு ஊரில் ஒரு வேலை என்றால் அவர்தான். வீட்டு வரி கட்டுவது, மழைக்காலத்தில் என் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று போய்ப் பார்ப்பது, குடியிருப்பவரிடம் சண்டை போடாமல் சாவி வாங்குவது, எல்லாம். “மாப்ளே, ஒரு வேலை” என்று நான் தொடங்கினால், “சொல்லு மச்சான்” என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். இங்கே அப்போது கொளுத்தும் கோடை. ஒரு கோழிக்கறிக் கிடங்கில் கம்ப்ரசர் நின்றுபோய், நானும் பையன்களும் விடிய விடிய அதில் கிடந்தோம். அப்படியே கிளம்பியிருந்தாலும் உடம்பை அவ்வளவு நேரம் வைத்திருக்க மாட்டார்கள். நான் போகவில்லை.

அதற்குப் பதில் ஜோசப்பைக் கூப்பிட்டு, கேம்ப் ரோட்டு முனையில் இதுவரை யாரும் வைக்காத அளவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைக்கச் சொன்னேன். நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. காதுகுத்தோ கருமாதியோ, பேனர் வைப்பவர் படமும் அதில் வரும். செலவு செய்பவர் பெரிய ஆளாக இருந்தால் படமும் பெரிதாக வரும். ஃப்ளெக்ஸ் கடைப் பையன் என் வேன் படத்தை நடுவில் ஆள் உயரத்துக்குப் போட்டான். மேலே கண்ணீர் அஞ்சலி. இடது ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் முனிரத்னம். கீழே, கண்ணீருடன் ஆஸ்திரேலியா எத்திராஜ். அடிப்பதற்கு முன்னால் போனில் அனுப்பிக் காட்டினான். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஜீவா என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. சண்டை இல்லை. நான் கூப்பிட்டால் எடுப்பாள். “சாப்ட்டியா?” என்றால் “ம்”. “உடம்பு எப்படி?” என்றால் “கீது”. பணம் ஏதாவது அனுப்பட்டுமா என்றால் “வாணாம்”. ஏன் இப்படி என்று கேட்டால், “இன்னா இப்டி? நல்லாத்தான கீறேன்” என்பாள். நான் வராததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். வராததற்குத்தான் நியாயம் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன?

எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். என் மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. முதல் வருஷப் படையல் வருகிறது, எல்லாருக்கும் சொல்கிறாள் என்று ஜோசப் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. என்னை வா என்று அவள் சொல்லவில்லை. அழைக்காத வீட்டு வாசலில் போய் நிற்கும் பழக்கம் எனக்கு இல்லை. அதுவும் தங்கச்சி வீட்டு வாசலில். டிக்கெட் போடும் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அந்த நேரத்தில்தான் என்னைச் சாகடித்தார்கள். அதைப் பார்த்தும் அவள் போன் செய்யவில்லை என்றால் என்ன அர்த்தம்? செய்தி அவளுக்கு எட்டவில்லையா? எட்டியும் விட்டுவிட்டாளா?

அந்த இரண்டாவதை நினைத்தால் ரசம் சோறு இறங்கவில்லை.

3

என் மகன் பிரகாஷை உட்கார வைத்து அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். சேலையூரில் பிறந்தவன். இப்போது தமிழை வாடகைக்கு எடுத்தவன் மாதிரி பேசுவான்.

“ப்பா, இது ஒரு யூனிவர்சிட்டி ரிசர்ச். சவுத் சென்னைல இருக்கிற டெத் போஸ்டர், பேனர் எல்லாம் போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டு, யாருக்கு யார் ரிலேட்டிவ்னு மேப் பண்றாங்க. சோஷியல் வெல்பீயிங்காம்.”

“அப்டின்னா?”

“மனுஷங்க ஒருத்தருக்கு ஒருத்தர் எவ்ளோ சப்போர்ட்டா இருக்காங்க, நல்லா இருக்காங்களான்னு.”

“செவுத்துல ஒட்டின போஸ்டர பாத்தா?”

“ஐ டோன்ட் நோ ப்பா. விடு. யாரு இத பாக்கப் போறாங்க?”

“சேலையூரே பாத்துடுச்சிடா!”

ஜோசப் அனுப்பியது என் படம் மட்டும்; பக்கத்தில் முனிரத்னத்துக்கு நான் வைத்த பேனரே முழுசாக இருந்தது. திருத்தம் கேட்க ஒரு படிவமும் இருந்தது. பெயர் போட்டான். அடுத்து, இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு? மனைவி, மகன், மகள், சகோதரர், நண்பர் என்று வரிசையாக இருந்தது. நான்தான் அவர் என்பதற்கு இடமில்லை. பிரகாஷ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். கடைசியில் ‘நண்பர்’ என்று போட்டு அனுப்பினான். அனுப்பிய நிமிஷமே பதில் வந்தது: உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

என் சாவுக்கு எனக்கே துக்கம் விசாரித்த முதல் ஆள் ஒரு கம்ப்யூட்டர்.

சிரிப்பு அடங்கியதும் சந்தேகம் வந்தது. மெல்பர்னில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கேம்ப் ரோட்டில் என்ன வேலை? எந்தத் தெருவில் எந்தக் கிழவன் போனான் என்று வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள். கிழவன் போன வீட்டில் அடுத்து என்ன நடக்கும்? பிள்ளைகள் பாகம் பிரிப்பார்கள், மனை விலைக்கு வரும். அதை முதலில் தெரிந்துகொள்கிறவன் முதலில் போய் நிற்பான். நம்ம பக்கம் வயலும் ஏரியும் மனையான கதையைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆராய்ச்சி என்று பெயர் வைத்தால் நான் நம்பிவிடுவேனா?

“இதை இப்டியே உடக்கூடாது. நேர்ல போறேன். அந்த பேனரையே அதுலேருந்து தூக்கச் சொல்றேன்” என்றேன்.

“மண்டே எனக்கு வேலை இருக்கு ப்பா.”

“உன்ன யாரு கூப்ட்டா?”

4

ரயில் ஏறித் தனியாகப் போனேன். வரவேற்பில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம், “ஐ டெட். பட் மிஸ்டேக்” என்று சொல்லிப் போனில் படத்தையும் காட்டினேன். அவள் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு யாரையோ கூப்பிட்டாள்.

வந்தது ஒரு தமிழ்ப் பெண். பெயர் நிவேதா, ஆராய்ச்சி மாணவி. பிரகாஷ் அனுப்பிய படிவத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பகீர் என்றதாம்.

“சாரி அங்கிள், ரொம்ப ரொம்ப சாரி. உள்ள வாங்க. எங்க வீடு ஊரப்பாக்கம்தான். உங்க பக்கத்து ஊர்.”

“ஊரப்பாக்கத்துல எந்தப் பக்கம்?”

“ஸ்டேஷனுக்கு ஈஸ்ட் அங்கிள்.”

“ஏரிக்குள்ளயா?”

“ஏரிக்கு வெளிய அங்கிள். அப்ரூவ்டு பிளாட். அப்பா டாக்குமென்ட்ட வேணா அனுப்பச் சொல்லவா?” என்று சிரித்தாள்.

சிரித்ததால் நான் பேனாவைத் தேடினேன். கையில் இல்லை. மேஜைமேல் இருந்தது.

பெரிய திரையில் தாம்பரத்தை விரித்துக் காட்டினாள். ஜிஎஸ்டி ரோடு, ரயில் பாதை, கேம்ப் ரோடு, படப்பைக்குப் போகிற ரோடு. அதன்மேல் மழைத்துளி விழுந்த மாதிரி புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாவு. சொந்த ஊரை அப்படிப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தொட்டால் போஸ்டர் வருகிறது. அதில் இருக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டரே படிக்கிறது. மகன்கள், மருமகள்கள், தெரு நண்பர்கள், ஆட்டோ ஸ்டாண்டு, மகளிர் குழு என்று பேர் பேராகப் பிரித்துக் கோடு போடுகிறது. ஒரு மனிதருக்காக எத்தனை வகை ஆட்கள் வந்து நின்றார்கள் என்பது அதில் தெரியுமாம்.

“பழைய இலக்கியம், கல்வெட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு படிக்கிற மாதிரி இதையும் படிக்கிறோம் அங்கிள். சாதாரண ஜனங்க எழுதி வெளிய வைக்கிறது இதுதானே. ரெண்டு மாசத்துல கிழிச்சிடுவாங்க, அப்புறம் இருக்காது.”

“எம்மூஞ்சிய எப்டி சாவடிச்சீங்க? அத சொல்லு மொதல்ல.”

“பேனர்ல எது பெரிய முகமோ, அதுதான் இறந்தவர்னு கம்ப்யூட்டர் எடுத்துக்குது. நிறைய போஸ்டர்ல அப்படித்தான் இருக்கும்.”

“அதுக்கு ஊரு பழக்கம் தெரியாது. ஊரப்பாக்கத்துல பொறந்தவளுக்குத் தெரிய வேணாமா?”

“தெரியும் அங்கிள். ஆனா எல்லாத்தையும் நான் கண்ணால பாக்கல. அது எங்க தப்புதான்.”

தப்பு என்று உடனே ஒத்துக்கொள்கிறவர்களிடம் எனக்குச் சந்தேகம் கூடுதல். அதனால் விடவில்லை. என் தொழிலிலிருந்தே ஒன்று எடுத்துப் போட்டேன். குளிர் அறையில் தெர்மாமீட்டரைக் கதவோரம் வைத்தால் ஒரு கணக்கு வரும், ஊதுகிற ஃபேனுக்கு நேராக வைத்தால் வேறு கணக்கு வரும், நடுவில் கறி கெட்டுப்போயிருக்கும். போஸ்டர் என்பது கதவோரம். உயிரோடு இருக்கும்போது ஒரு வாய் தண்ணீர் தராதவன் செத்த பிறகு மூன்று கலரில் அடிப்பான். அதை எண்ணி எப்படி நலத்தை அளப்பாய்?

“அளக்க முடியாது அங்கிள். அதனாலதான் இன்னொரு டீம் வீடு வீடா போய் உட்கார்ந்து பேசறாங்க. போஸ்டர் என்ன சொல்லுது, வீட்ல என்ன நடக்குதுன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாக்கறோம். ரெண்டும் ஒத்துப்போகாத இடம்தான் எங்களுக்கு முக்கியம்.”

இது எனக்கு எதிர்பாராத பதில். உள்ளே இன்னொரு தெர்மாமீட்டர் வைத்திருக்கிறார்கள்.

“சரி. இந்தப் புள்ளியெல்லாம் ரியல் எஸ்டேட்காரன் கையில கெடைச்சா?”

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. “அந்த பயம் எங்களுக்கும் இருக்கு. அதான் புள்ளிய வீட்டு மேல வைக்காம தள்ளி வைக்கிறோம். உங்க தெருவ தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். ஜீவாவின் வீட்டுத் தெருவில் புள்ளி இல்லை. இரண்டு தெரு தள்ளி, ஒரு காலி மைதானத்தில் இருந்தது.

“வீடு வீடா போனீங்களே, அந்தத் தெருவுக்குப் போனீங்களா? ஜீவான்னு ஒருத்தரப் பாத்தீங்களா?”

“யாரப் பாத்தோம், பாக்கலன்னு சொல்லக் கூடாது அங்கிள்.”

“நான் அவ கூடப்பொறந்தவன்மா.”

“அப்பா கேட்டாலும் சொல்லக் கூடாது.”

என்னிடம் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத தங்கச்சி, இவர்களுக்கு உட்கார வைத்துக் காபி கொடுத்து மணிக்கணக்காகப் பேசியிருப்பாளோ? அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை தெரிந்த பெண்தான்.

5

“இப்ப சரி பண்ணிடலாம்” என்று அவள் ஏதோ தட்டினாள். காலமானவர் என்ற இடத்தில் என் பெயர் போய் முனிரத்னம் வந்தது. நான் அஞ்சலி செலுத்துபவன் ஆனேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த நொடி, என் கண்ணுக்கு எதிரிலேயே, பேனரில் என் முகம் சாம்பல் நிறக் கட்டமாக மாறிவிட்டது. கோட்டு இருக்கிறது, வேன் இருக்கிறது, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை.

“இன்னாம்மா இது? மூஞ்சி எங்க?”

“இப்ப நீங்க உயிரோட இருக்கீங்க இல்ல அங்கிள்? உயிரோட இருக்கிறவங்க முகத்த அவங்க சம்மதம் இல்லாம காட்டக் கூடாதுன்னு எங்க விதி. அதுவே மறைச்சிடும். நீங்க கையெழுத்து போட்டா திரும்ப வந்துடும்.”

மேஜைமேல் இருந்த பேனா இப்போது என் பக்கம் நகர்ந்தது. நான் நினைத்தது சரியாகப் போயிற்று.

எதற்கெல்லாம் கையெழுத்து என்று வரி வரியாகக் கேட்டேன். பொறுமையாகத் தமிழில் சொன்னாள். முகம் காட்டுவதற்கு ஒன்று. வெளிநாட்டில் வயதானவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற இன்னொரு ஆராய்ச்சியில் சேருவதற்கு ஒன்று. விருப்பம் இருந்தால் மட்டும்.

“அதுல இன்னா கேப்பீங்க?”

“சின்னச் சின்ன கேள்விதான். இப்ப, ஒரு அவசரம், மனசு சரியில்லன்னு வெச்சுக்குங்க. ஊர்ல யாருக்கு போன் பண்ணுவீங்க?”

“என்னத்தான் எல்லாரும் கூப்புடுவாங்க. எந்த வூட்டுல கல்யாணம், எந்த வூட்டுல ஆபரேஷன், எல்லாம் எங்கிட்ட வரும்.”

“உங்கள கூப்புடுறவங்க சரி அங்கிள். நீங்க யாரக் கூப்பிடுவீங்க?”

“முனிரத்னத்த” என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பேனாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். நான் குடிக்கவில்லை. திரையைப் பார்த்தேன்.

நடுவில் முகம் இல்லாததால் கண் தானாக ஓரத்து வட்டத்துக்குப் போனது. அதைப் பெரிதாக்கச் சொன்னேன். முனிரத்னம். அந்த வட்டத்தை நான் பேனரில் பார்த்ததுதான், ஆனால் பார்த்ததே இல்லை. ஏதோ அடையாள அட்டைப் படம் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவருக்குத் தலை முழுக்கக் கறுப்பு முடி. நான் துபாய்க்குப் போன அன்று மீனம்பாக்கத்தில் எடுத்த படம். ஜோசப் எங்கிருந்தோ எடுத்துக் கொடுத்திருக்கிறான். இரண்டு பேராக நின்ற படம். ஃப்ளெக்ஸ் கடைப் பையன் என்னை வெட்டிவிட்டு அவரை மட்டும் வட்டமாக எடுத்திருக்கிறான். ஆனால் அவர் தோளில் ஒரு கை பாக்கி இருக்கிறது. மணிக்கட்டில் தோல் பட்டை போட்ட வாட்ச். “அங்க போயி மணி பாக்கணுமே மச்சான்” என்று அவர் அன்றைக்கு வழியிலேயே கழற்றி என் கையில் கட்டிவிட்டது.

“இந்தக் கையையும் மறைக்குமா உங்க கம்ப்யூட்டர்?”

“முகத்த மட்டும்தான் அங்கிள் அதுக்குத் தெரியும்.”

அவள் படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தாள்.

“பேனரே வேணாம்னு நெனச்சாலும் சொல்லுங்க அங்கிள். எடுத்துடவா? இல்ல கையெழுத்து போடறீங்களா?”

“ரெண்டும் வேணாம். இப்டியே இருக்கட்டும்.”

“முகம் வராது அங்கிள்.”

“வராட்டிப் போவுது. தெரியாத இடத்துல நான் கையெழுத்து போடறதில்ல.”

6

வீட்டுக்கு வந்தும் நிம்மதி இல்லை. எனக்கு ஒன்றைக் காட்டிவிட்டு, ஊருக்குப் பழையதையே காட்டுகிறார்களோ? இந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி காட்டுவதெல்லாம் பெரிய வித்தையா? ஜோசப்புக்குப் போன் போட்டு, அங்கே திறந்து பார்த்துச் சொல்லச் சொன்னேன். பொண்ணை வைத்துத் திறந்து பார்த்தான்.

“தலையே இல்லடா உனக்கு! கோட்டுதான் நிக்குது. இதுக்கு செத்தே இருந்திருக்கலாம் நீ” என்று சிரித்தான்.

மறுநாள் சாயங்காலம் போன் அடித்தது. ஜீவா. முனிரத்னம் போன பிறகு அவளாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“இன்னாண்ணா, உம்மூஞ்சிய மறைச்சிட்டாங்களாமே? ஜோசப்பண்ணன் வூட்டுக்கு வந்து காட்டுச்சி.”

“ஆமா. உயிரோட கீறவன் மூஞ்சிய காட்டக் கூடாதாம். ரூல்ஸு.”

“நல்ல ரூல்ஸாத்தான் கீது.”

“அதுக்கு முன்னாடி நான் செத்துட்டேன்னு போட்டிருந்தானுங்களே, அத பாத்தியா நீ?”

“பாத்தேன்.”

பாத்தேன் என்கிறாள்! எனக்குக் காது சூடாகிவிட்டது. “பாத்துட்டு ஒரு போன் போடணும்னு தோணலியா உனக்கு?”

“எதுக்குப் போடணும்? அது எங்க வூட்டுக்காரு பேனரு. எனக்குத் தெரியாதா? அதுல நீ செத்தது எனக்கு புதுசா?”

“புதுசான்னா? இன்னா சொல்ற?”

“அது வெச்ச அன்னிக்கே கறிகாய்க்காரம்மா வந்து கேட்டுச்சிண்ணா, இன்னாம்மா, வெளிநாட்டுல கீற உங்கண்ணன் பூட்டாராமேன்னு. அப்பால பால்காரன். அப்பால அவுரு ஸ்டாண்டுல வண்டி வுடுற ஒரு சாரு. நான் அவுர அனுப்பிட்டு ஒக்காந்துகினு கீறேன், வர்றவங்கள்லாம் உனக்கு துக்கம் கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கினே இருந்தேன். செத்தது எங்கண்ணன் இல்ல, எங்க வூட்டுக்காரு, ஓரத்துல வட்டத்துல கீறாரே அவுருன்னு. அந்தக் கம்ப்யூட்டரு ஒண்ணுதான் தப்பா பாத்துச்சின்னு நெனச்சிக்கினியா?”

ரோட்டில் போகிற வண்டிச் சத்தம் அவள் பக்கத்திலிருந்து கேட்டது.

“லைன்ல கீறியா?” என்றாள்.

“கீறேன்.”

“இப்ப பாத்தேன். அவுரு மட்டும் தெரியறாரு. தோள் மேல யாரு கையின்னு ஜோசப்பண்ணன் பொண்ணு கேட்டுச்சி. எனக்குத் தெரியும்னேன்.” பிறகு விஷயத்துக்கு வந்தாள். “அமாவாசைக்கு மறுநா படையல். ஆளுங்க நெறைய வர்றாங்க. கேட்டரிங்காரன் போட்டா அவங்க பாட்டுக்கு ஊத்திட்டுப் போய்டுவாங்க. வந்தவங்க எல பக்கத்துல நின்னு கேட்டு கேட்டுப் போட நம்ம ஆளு ஒருத்தரு வேணும். உன்னால வாளி தூக்க முடியுமா?”

“தூக்குவேன். சாம்பாரா, பாயசமா?”

“மொதல்ல வந்து சேரு” என்று சொல்லி வைத்துவிட்டாள்.